தைலத்தைக் காரில் விட்டுவிட்டு ஒரு மூஸ் வேட்டை

கடந்த அக்டோபர் முதல் வாரம் ஐந்து நாள் மூஸ் வேட்டைக்குப் போய்வந்தேன். "வேட்டையா? நீயா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. கீரைக்கட்டில் புழு இருந்தால் ஊதிவிட்டு ஓரமாக வைக்கிறவள் நான். கேள்வி நியாயமானதுதான்.

காரணம் ரஜனி அக்கா. மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் விமான உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. என் மேல்வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். வேலைத்தலத்து நண்பர்களோடு ஆறு வருடம் வேட்டைக்குப் போயிருக்கிறார். தன் கையால் ஒரு மூஸைக்கூட வீழ்த்தியதில்லை. மூஸ் என்றால் குதிரையைவிட உயரமான மான். ஒன்று விழுந்தால் நாலு வீட்டுக் குளிர்பெட்டி நிறையும். நாங்கள் போன பகுதியில் இரண்டு பேருடைய உரிமம் சேர்ந்தால்தான் ஒரு மூஸ் என்பது விதி. வழக்கமாக வரும் நண்பர் ஊர் மாறிப் போய்விட்டார். அக்காவின் வலது தோளுக்கோ வரும் ஜனவரியில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு துப்பாக்கியின் உதையைத் தோள் தாங்குமா என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆக, இதுதான் கடைசி வாய்ப்பாக இருக்கலாம். வேட்டை வகுப்பை முடித்து உரிமம் எடுத்தேன். சுடுவது அக்கா, சுமப்பது நான் என்று ஒப்பந்தம்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். லவாலைத் தாண்டும்வரை வழக்கமான நெரிசல். பிறகு பதினைந்தாம் நெடுஞ்சாலை வடக்கே மலைகளுக்குள் நுழைந்ததும் மஞ்சளும் சிவப்புமாக மரங்கள் இருபுறமும் வந்துகொண்டே இருந்தன. மோன் லோரியேவுக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அங்கே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குப்பின் மரலாரிகள் ஓடும் 60 கிலோமீட்டர் மண்சாலையில் ஒன்றும் கிடையாது. ஏரிக்கரை மரவீட்டுக்கு ஆளுக்கு 780 டாலர், படகும் விறகும் சேர்த்து.

இறங்கியதும் அக்கா என் பையைச் சோதனை போட்டார். நம்மவர் பை அல்லவா, தைலம் இல்லாமல் இருக்குமா? பச்சைப் புட்டி ஒன்று, தலைவலி பாம் டப்பா ஒன்று.

"உதுகளை ஏன் கொண்டு வந்தனீ? மூஸுக்குக் கண் அவ்வளவு தெரியாது பிள்ளை. மூக்குத்தான் எல்லாம். இது மணந்தால் அக்கரையிலை நிக்கிறதும் ஓடிப்போடும்."

"உடம்பு வலிச்சா என்னக்கா பண்றது?"

"நோகட்டும். பேந்து பாப்பம்."

இரண்டையும் ஒரு பையில் போட்டு இறுகக் கட்டி, காரின் முன்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். தலைவலி வந்தாலும் தைலம், மனக்கஷ்டம் வந்தாலும் தைலம் என்று வளர்ந்தவளுக்கு அது வீட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

முதல் நாள் நடை சுகமாகத்தான் இருந்தது. அந்தக் காட்டின் தரை தரையே அல்ல. முழங்கால் அளவு பாசி. கால் மெல்ல உள்ளே போகும், மெல்ல வெளியே வரும். சத்தமே இல்லை. ஊசியிலைகள் பொன்னாகிப் போன மரங்களிலிருந்து, காற்று அசையும்போதெல்லாம், மஞ்சள் தூற்றல். நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியாத ஒரு மயக்கம். அப்படியே நடந்துகொண்டே இருந்தால் போதும் என்று தோன்றியது.

மயக்கத்துக்கான கூலி மறுநாள் காலை வந்தது. தொடை இரண்டும் கல். கட்டிலிலிருந்து இறங்குவதற்கே ஒரு திட்டம் தேவைப்பட்டது. படகுத்துறைக்கு இறங்கும் ஏழெட்டுப் படிகளைப் பக்கவாட்டில், நண்டு போல இறங்கினேன். விடுதிக்காரர், வெள்ளைத் தாடி வைத்த பெரியவர், படகைப் பிடித்துக்கொண்டு "டூஸ்மான், மதாம், டூஸ்மான்" என்றார். மெல்ல, மெல்ல. பிரெஞ்சு வகுப்பில் படித்த எந்தச் சொல்லும் இவ்வளவு உபயோகப்பட்டதில்லை.

பழகாத உடம்புக்கு வலியின் உச்சம் இரண்டாம் நாள்தான். அன்று முழுக்கப் படுத்திருந்தால் மூன்றாம் நாள் இன்னும் மோசம். மெதுவாக நடந்தால் பத்து நிமிடத்தில் தசை இளகிவிடுகிறது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் தொடையைக் கொல்லும். ஒரு ஊன்றுகோல் பாதி பாரத்தை வாங்கிக்கொள்ளும். பையின் பாரம் தோளில் தொங்காமல் இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும். வேர்த்த பனியனோடு குளிரில் உட்கார்ந்தால் முதுகு பலகையாகிவிடும், உட்காருமுன் மாற்றிவிடுங்கள். மாலையில் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, உப்பும் எலுமிச்சையும் போட்ட கஞ்சி குடித்தேன். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து உருட்டினேன். அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தத்தில் பாதித் தூக்கத்திலேயே பந்து நழுவி எங்கோ ஓடிவிடும்.

அக்கா வலி மாத்திரை போட்டார், பெட்டியில் சொன்ன அளவுக்கு. தசையைத் தளர்த்தும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தும் தொடவில்லை. அது தூக்கம் வரவைக்கும், துப்பாக்கி வைத்திருக்கிறவர் அரைத்தூக்கத்தில் இருக்கக்கூடாது என்றார்.

"தோள் எப்படிக்கா இருக்கு?" என்று தினமும் கேட்டேன்.

"பரவாயில்லை" என்று தினமும் சொன்னார்.

மற்ற நேரமெல்லாம் ஏரியோரப் பலகைக் கூண்டுக்குள் மறைந்து காத்திருப்பு. அக்கா பூர்ச்சமரப் பட்டையைக் கூம்பாகச் சுருட்டி, பெண் மூஸ் போல நீளமாக ஒரு குரல் கொடுப்பார். அது பனிமூட்டத்தின் மேல் தவழ்ந்து அக்கரைக்குப் போய், யாரோ நம்மை மறந்துபோனவர் குரல் போலத் திரும்பி வரும். நான் காலணிக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு நாள் எந்தப் பதிலும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை எனக்கு உடம்பு காற்றாக இருந்தது. கூண்டுக்குள் உட்கார்ந்ததும் ஏதோ ஒரு நிம்மதி. வீட்டில் படுத்திருக்கிற மாதிரி, மழைநாள் மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்ன வாசனை என்று உறைத்தது. என் பச்சைப் புட்டி.

அக்காவைப் பார்த்தேன். அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச முடியாத இடம். இவ்வளவு கண்டிப்பான மனுஷி, தான் போட்ட பூட்டைத் தானே திறந்திருக்கிறார் என்றால் அந்தத் தோள் எப்படி வலித்திருக்க வேண்டும்! என் தொடைக்கு நாலு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்ததை நினைத்தேன். கண் நிறைந்துவிட்டது.

காற்று ஏரியிலிருந்து எங்கள் முகத்துக்குத்தான் வீசியது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அக்கா பட்டைக் கூம்பில் மூஸைக் கூப்பிட்டார். அக்கரையில் அல்ல, எங்கள் கரையிலேயே, இடதுபக்கம் கிளை முறிந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் கொம்பு, பிறகு தலை, பிறகு முடிவே இல்லாமல் உடம்பு. அவ்வளவு பெரிய உயிர் அவ்வளவு மெதுவாக, தண்ணீரில் கால் வைக்கும் சத்தம் மட்டும் கேட்க, எங்களை நோக்கி வந்தது.

தோளுக்குப் பாரம் வராமல் துப்பாக்கியைச் சாய்த்துக்கொள்ளக் கூண்டின் முன்னால் அக்கா ஒரு தாங்குகட்டை கட்டியிருந்தார். மூஸ் இன்னும் முப்பது அடி வந்தால் கட்டைக்கு நேர். அப்போதுதான் என் பிடரி குளிர்ந்தது. காற்று திரும்பிவிட்டது.

மூஸ் நின்றது. மூக்கை உயர்த்தியது. அக்கா எழுந்து இடதுபக்கம் திரும்பி, தாங்கல் இல்லாமல் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். குழல்முனை ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருமுறை நிறுத்தப் பார்த்தார். மறுபடி ஆடியது. துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

அது எங்களை நெடுநேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம். உண்மையில் இரண்டு மூச்சு நேரம் இருக்கலாம். பிறகு திரும்பி, வந்த வழியே பனிக்குள் போய்விட்டது.

"கை நிக்கேல்லை" என்றார் அக்கா. "ஆடுற கையாலை சுட்டால் காயத்தோடை காடு முழுக்க இழுபட்டுச் சாகும். அது பாவம்."

"தைலம் பூசினீங்களாக்கா?"

"ஓம். விடியக் காருக்குப் போய் எடுத்தனான். என்னாலை தாங்கேலாமல் போச்சு." துப்பாக்கியிலிருந்த தோட்டாவை எடுத்துக்கொண்டே, "நானே மணந்து நானே கலைச்சுப்போட்டன்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

காருக்கு வந்ததும் புட்டியை நானே திறந்து அந்தத் தோளில் தேய்த்துவிட்டேன். மொன்றியல் வரைக்கும் கார் முழுக்க அந்த வாசனை. கண்ணாடியை இறக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்கு: ஒரு மாதம் முன்பே பாரத்தோடு படியேறிப் பழகுங்கள். தைலம் பூசாதீர்கள், ஆனால் காரில் கட்டாயம் வைத்திருங்கள். கை கால் மரத்துப்போனாலோ, ஓய்வெடுத்தும் வலி ஏறினாலோ பொறுத்துக்கொள்ளாமல் திரும்பிவிடுங்கள். முக்கியமாக, கூட வருகிறவர் "பரவாயில்லை" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

அக்காவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. துப்பாக்கியை மட்டும் மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். டாக்டர் அப்படிச் சொன்ன அன்று மாலை நான்தான் சொன்னேன், "நீங்க கூப்பிடுங்கக்கா, நான் சுடுறேன்" என்று. சொன்ன வாய்க்குத் தண்டனையாக, இந்த வசந்தத்தில் சுடுபயிற்சிக்குப் போய்வருகிறேன். போன சனிக்கிழமை உதை பலமாக விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சத்தமில்லாமல் தோளில் தைலம் தடவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல மேல்வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனேன்.

கதவைத் திறந்த அக்கா மூக்கை உயர்த்தினார்.

"எங்கை நோகுது? இஞ்சை வா, காட்டு" என்று, தன் நல்ல கையை நீட்டினார்.