சூடாகாத போர்டு

சித்தப்பா அன்றைக்குச் சொன்னது பச்சைப் பொய். தொட்டுப் பார்த்தவள் நான்.

ஏழாவது படிக்கும்போது காவலூரில் எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம், டிவியில் மாட்ட வேண்டும். அதில் பெரணி இலை ஒன்றைப் புள்ளி புள்ளியாக வரைய புரோகிராம் எழுதியிருந்தேன். பாதி முளைப்பதற்குள் கரண்ட் போய்விடும். முழு இலையை நான் பார்த்ததே இல்லை. பழைய சிப்புக்குப் பதிலாகத் தானே கணக்குப் போட்டு வேகம் கூட்டும் ஆக்சிலரேட்டர் போர்டு வேண்டுமென்று வீட்டையே நச்சரித்தேன்.

என் மஞ்சள் நீராட்டுக்கு இரண்டு வந்து சேர்ந்தன. ஒன்று, அப்பாவின் தம்பி, பெங்களூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சித்தப்பா, பையில் போட்டு வந்தது. இன்னொன்றை அம்மாவின் தம்பி, ஒடுகத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் மாமா, சீர்த்தட்டில் புடவைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே சந்தனம் குங்குமம் வைத்து மேளத்தோடு கொண்டுவந்தார். மாட்ட இடமோ ஒன்றுதான். ஓட்டிப் பார்க்கத்தானே வேண்டும்?

சடங்கு முடிந்ததும் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்துவிட்டேன். அதே கம்ப்யூட்டர், அதே இலை. சித்தப்பா போர்டில் குக்கர் விசில் அடிப்பதற்குள் கடைசி நுனிவரை பச்சை. முழு இலை! கத்தியே விட்டேன். கழற்றி மாமா போர்டை மாட்டினால், சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவியும் இலை ஆடு மேய்ந்த மாதிரியே நின்றது.

"இன்னா அண்ணி, உங்க தம்பி இத்த கட்டவண்டியில ஏத்தியாந்தாரா?" என்றாள் அத்தை. அப்பா பக்கத்து ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமா தட்டு மூடிவந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். அம்மா சமையல்கட்டு வாசலில் அப்படியே நின்றாள்.

சித்தப்பா எழுந்து வந்தார். "வேகம் கெடக்குது மச்சான். என்னுது தீயா கொதிக்குது, மெஷினையே எரிச்சிடும். உங்களுதே இருக்கட்டும்" என்று தன் போர்டை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"பொய்! கழட்டும்போதே தொட்டேன், சில்லுனு இருந்துச்சு!" என்று பையைப் பிடுங்கப் போனேன். அப்பா முதுகில் ஒன்று வைத்தார். ஜெயித்தது பெங்களூருக்கு, தோற்றது எங்கள் வீட்டுக்கு. என்ன நியாயம் இது?

ஊருக்குக் கிளம்புமுன் சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அவர் கேட்காமலே இன்னொரு தோசை வைத்து, அதன்மேல் நெய்யும் விட்டாள். பொய் சொன்னவருக்கு நெய்யா என்று என் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.