அப்புறம் என்றால் எப்போது?

வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறவனுக்குச் சட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கோபம் வராமல் இருந்தால் போதும். எனக்கு வந்து தொலைக்கிறது.

எனக்குப் பதினாறு வயது. தல்லாகுளத்தில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் இருக்கிறேன். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் அச்சாகத் திருப்பிப் பேசிவிடுவேன். இதற்குப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி கிடைத்தது. இங்கே இதுதான் உத்தியோகம். சாட்சி சொல்லப் போகிறவர்களை முந்தின நாளே உட்கார வைத்து, சர்க்கார் வக்கீல் மாதிரியும் ஜட்ஜ் துரை மாதிரியும் நான் உருட்டி மிரட்டவேண்டும். அவர்கள் இங்கேயே நடுங்கித் தீர்த்துவிட்டுப் போவார்கள். கோர்ட்டு வராந்தாவில் நின்று நின்று கால் மரத்துப்போன அன்பர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான் புரியும்.

வைக்கோல் படப்பு

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து ஏர் பிடிக்கிற ஒரு சம்சாரி வந்தார். யாரோ திருட்டு மாட்டைக் கொண்டுவந்து அவர் தொழுவத்தில் கட்டிவிட்டு, வெளியே சொன்னால் படப்பைக் கொளுத்திவிடுவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். போலீசார் மாட்டைக் கண்டுபிடித்து இவரைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வக்கீல் பீனல் கோடு புத்தகத்தைத் திறந்து, தொண்ணூற்று நாலாவது பிரிவு என்று ஆரம்பித்தார். மிரட்டலுக்குப் பயந்து ஒருவன் செய்தது குற்றமாகாது என்று அவர் சொன்னதும் சம்சாரி முகத்தில் பத்து விளக்கு எரிந்தது.

வக்கீல் மேலே வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாக அணைந்தது. மிரட்டல் சாவு மிரட்டலாக இருக்கவேண்டும். அதுவும் தன்னுடைய சாவாக இருக்கவேண்டும். அதுவும் அந்தக் கணமே வரப்போகிற சாவாக இருக்கவேண்டும். அடிப்பேன், வீட்டைக் கொளுத்துவேன் என்பதெல்லாம் செல்லாது. பெண்டாட்டி பிள்ளையை வெட்டுவேன் என்றாலும் இந்தப் பிரிவில் இடமில்லையாம். சம்சாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "படப்பு எரிஞ்சுபோனா என் மாடு என்னத்தத் திங்கும்னு அந்தப் பொஸ்தகத்துல எழுதியிருக்காய்யா?"

கழுத்தை நீட்டுங்க

அடுத்து வந்தது பரவை மாயாண்டி கேஸ். பரவைச் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிற வண்டிக்காரர். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் ஐந்தாறு பேர் வீட்டுக்குள் புகுந்து, அவர் கழுத்தில் அரிவாளை வைத்து, வண்டியைப் பூட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சரக்குக் கிட்டங்கியை உடைத்து மிளகாய் மூட்டைகளை அவர் வண்டியிலேயே கடத்தினார்கள். போகிற வழி முழுக்க அரிவாள் அவர் பிடரியை விட்டு இறங்கவில்லை. போலீசார் சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டே வந்து மாயாண்டியைப் பிடித்தார்கள். கொள்ளைக்காரர்களுக்குச் சக்கரம் இல்லை, ஆகவே அகப்படவில்லை. மிரட்டினவன் வெளியே, மிரண்டவன் ஜெயிலில். தோற்றால் ஏழெட்டு வருஷம் உள்ளே இருக்கவேண்டும்.

நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி அவர் சம்சாரம் வீராயி. அந்த அம்மாளுக்கு நான் ஒத்திகை வைத்தேன். துரை குரலில் இருமினதற்கே எழுந்து நின்றுவிட்டது. சர்க்கார் வக்கீல் குரலுக்கு மட்டும் அசையவில்லை. அரிவாள் எவ்வளவு தூரத்தில் இருந்தது, நீ அளந்து பார்த்தாயா என்று அவரைப்போலவே மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டேன். வீராயி பதில் சொன்னது: "தூரம் என்ன தூரம், கழுத்துலதேன் இருந்துச்சு. நீங்க கழுத்த நீட்டுங்க, எம்புட்டுத் தூரம்னு காட்டுறேன்."

கொள்ளைக்காரன் கொடுத்த வாய்தா

கோர்ட்டில் வீராயி ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னது. அந்தத் திருடன் சொன்னதையும் அப்படியே சொன்னது: "வண்டியப் பூட்டுடா. இல்லே, அப்புறம் உன் தல உன்கிட்ட இருக்காது." எனக்கே பிடரி சில்லிட்டது.

துரைக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பு ஐயா இருக்கிறார். நறுக்கென்று தலைப்பாகை, சந்தனப் பொட்டு, அகராதி மனப்பாடம். 'அப்புறம்' வந்ததும் அவர் தயங்காமல் 'ஆஃப்டர்வர்ட்ஸ்' என்றார். 'இல்லே' போன இடம் தெரியவில்லை. சர்க்கார் வக்கீல் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். தலை போவது பிற்பாடு என்று திருடனே சொல்லிவிட்டான், ஆகவே அந்தக் கணமே சாவு என்கிற பேச்சுக்கு இடமில்லை, அரிவாள் சும்மா பயங்காட்ட வைத்தது, நடுவில் கிடைத்த நேரத்தில் இவன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கலாம் என்று வாதம். துரை தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

கழுத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு ஒருவன் அப்புறம் என்றால் எப்போது என்று மதுரை ஜில்லாவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பெரிய குமாஸ்தா என் காதில் சொன்னார்: "பாத்தியாடா, கொள்ளைக்காரன் வாய்தா குடுத்திருக்கானாம். நம்ம கேட்டா ஒருநாள் கெடைக்குதா?"

தயிர்சாதம்

சாப்பாட்டு வேளை. வீராயி வேப்பமரத்தடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மொழிபெயர்ப்பு ஐயா பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூக்குச் சட்டியைத் திறந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஐயாவுக்கு மேலதிகாரியான கோர்ட்டு சிரஸ்தாருக்குப் பொடி போட்டுப் போட்டு மூக்கடைத்த குரல். நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தக் குரலை எடுத்தேன். "ஓய், கேஸ் கட்டைத் தூக்கிக்கிட்டு துரை ரூமுக்கு வாரும். இல்லே, அப்புறம் உம்ம உத்தியோகம் உம்மகிட்ட இருக்காது."

வாயில் வைத்த கவளம் வெளியே, ஐயா அதற்கு முன்னே வெளியே. கை கழுவவில்லை, செருப்பு மாட்டவில்லை. பிசைந்த கையோடு துரை அறைக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளிருந்து கிடைத்த வசவோடு திரும்பினார். எங்கள் வக்கீல் எல்லாவற்றையும் வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டார். என் காதைப் பிடித்துத் திருகினார். பாதித் திருகலில் அவர் கை நின்றது. "டேய், நீ அவருகிட்ட என்ன வார்த்தை சொன்னே? அப்படியே திருப்பிச் சொல்லு."

செத்துக் காட்டு

கோர்ட்டு மறுபடி கூடியதும், மொழிபெயர்ப்பில் ஒரு சந்தேகம் என்று எங்கள் வக்கீல் எழுந்தார். அப்புறம் என்றால் என்ன என்று கேட்டார். பிற்பாடு என்று ஐயா அடித்துச் சொன்னார். சற்று முன்பு யாரோ உங்களிடம் அப்புறம் உத்தியோகம் இருக்காது என்றார்களே, சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை போட்டுக்கொண்டு பிற்பாடா போனீர்கள் என்று வக்கீல் கேட்டார். ஐயா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். துரை எட்டிப் பார்த்தார். ஐயாவின் விரலிடுக்கில் தயிர்சாதம் காய்ந்து கிடந்தது. அப்பவே ஓடினேன் என்று அவரே கடைசியில் துரைக்கு இங்கிலீஷில் சொல்லவேண்டியதாயிற்று. அந்தக் குரல் யாருடையது என்று துரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கதை வேறு. பதிவில் அந்த இடத்தை 'இல்லாவிட்டால்' என்று திருத்தினார்கள். அதற்குப் பிறகு அரிவாள் கழுத்தில் வைத்த அரிவாளாயிற்று, சாவு அந்தக் கணத்துச் சாவாயிற்று. மாயாண்டிக்கு விடுதலை.

நான் குதித்தேன். மாயாண்டி குதிக்கவில்லை. இத்தனை நாள் ஜெயிலில் கிடந்து தாடி மார்பைத் தொட்டிருந்தது. திருடர்களை இன்னும் யாரும் தேடவில்லை. ஒரு திருடனும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் பேசிய ஒரே வார்த்தையில் ஒரு மனுஷனின் ஏழெட்டு வருஷம் தொங்கியிருக்கிறதே, இது எந்த ஊர் நியாயம் என்று நான் பொரிந்தேன். மாயாண்டி தன் பிடரியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கே அவன் வெட்டியிருந்தா, நான் பயந்தது நெசந்தேன்னு ஒரே பேச்சுல நம்பியிருப்பாக, இல்ல தம்பி?"

ஆகையால் அன்பர்களே, இனி உங்களை யாராவது கழுத்தில் அரிவாள் வைத்து மிரட்டினால், 'இப்பவே' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடும்படி அவரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.