பிரிண்டரின் அடாப்டர்

எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்குக் காஞ்சிபுரத்தில் அட்டை கோர்க்கும் வேலை கிடைத்தது. சேலை டிசைனைத் துளைகளாக அடித்த அட்டைகளை வரிசை மாறாமல் கயிற்றில் கோர்த்துத் தறிக்கு அனுப்ப வேண்டும். படுக்கையும் அந்த அட்டைக் கட்டுகளின் மேல்தான்.

டிசைன் வரைபவன் என் வயதுக்காரன். பழைய லேப்டாப் ஒன்று வைத்திருந்தான். முதலாளிக்கு வரைந்தது போக, தனக்கென்று ஒரு பார்டர் வரைந்துகொண்டிருந்தான். திருமுக்கூடல் ஆற்று மணலில் காற்று போட்ட வரிகளைப் போல இருக்கும் அது. “இது மட்டும் தறியில ஏறட்டும், அப்புறம் எவனுக்கும் வரைய மாட்டேன்” என்பான்.

ஒரு நாள் அடாப்டர் செத்துவிட்டது. அதே மாதிரி வாங்க மெட்ராஸ் போக வேண்டும். அவனுக்குப் பொறுமை இல்லை. எலக்ட்ரிக் கடை பாய் ஒரு பழைய பிரிண்டரின் அடாப்டரை எடுத்துக் கொடுத்தார்.

“வோல்டு ஜாஸ்தியா இருக்குது, பார்த்துக்கோப்பா.”

“பின்னு உள்ள போவுதில்ல பாய்? போதும்.”

“சட்டையா அது, உள்ள போனா போதும்னு சொல்றதுக்கு?”

அறைக்கு வந்து செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. “பாத்தியா!” என்று என் முதுகில் அடித்தான். டீ குடித்து முடிப்பதற்குள் கருகல் நாற்றம் வந்தது. திரை இருண்டது. அதற்கப்புறம் எதை அழுத்தியும் எழவில்லை.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அட்டைதான். அட்டை எரிந்தால் அதிலிருந்த டிசைனும் போயிற்று. இதையும் அப்படியே நினைத்தோம். யாரிடமும் காட்டாமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு வந்தோம். அந்தப் பார்டரை மறுபடி வரைந்து பார்த்தான். வளைவுகள் பிடிபடவில்லை என்றான். பிறகு வரைவதையே விட்டு, ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான். நானும் ஊரை விட்டுக் கிளம்பினேன்.

பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, அதே போல் கருகிய லேப்டாப் ஒன்று வந்தது. மெக்கானிக் அதன் அடிப்பக்கத்தைக் கழற்றி, உள்ளங்கை அளவு டிஸ்க்கை உருவி வேறொன்றில் மாட்டினார். உள்ளே இருந்த படங்கள் எல்லாம் அப்படியே வந்தன.

அடுத்த முறை காஞ்சிபுரம் வந்தபோது, அவன் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“அப்போ அது உள்ளயே இருந்துக்கினுதான் இருந்துச்சா?”

“ஆமாம்பா.”

“நாமளே எடுத்துக்கினு போய்ப் போட்டோம்.”

பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா கத்தினார்: “ஏம்பா, எறங்கணும்னு எத்தினி வாட்டி சொல்றது? காதுல வுழுதா இல்லியா?”

அவன் நிறுத்தவில்லை. அடுத்த நிறுத்தமும் கடந்து போயிற்று.