வைக்கோல் கன்றும் நஸ்ரினின் வைரஸும்

போன வாரம் மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் செல்போன் அடித்தது.

"மாமா, இருட்டாயிருச்சு!"

நஸ்ரின்தான். அவள் கத்திய கத்தலில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இருட்டுக்கு இவ்வளவு சந்தோஷமா? இருங்கள், சொல்கிறேன்.

எங்கள் பேகம்பூர் தோல் வியாபாரி காதர் அண்ணனின் மகள் அவள். சென்னையில் ஒரு லேபில் பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு மருந்து தேடுகிறாள். நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்தவளுக்கு வீட்டில் தனி டம்ளர், தனித் தட்டு! அவளுடைய அம்மா மும்தாஜ் அக்காவின் ஏற்பாடு. பெற்ற மகளைப் பார்த்தே பயம்.

நான் மட்டும் ஒழுங்கா? அவள் பிரியாணித் தட்டை நீட்டியபோது, "வயிறு சரியில்லம்மா" என்று நழுவினேன். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு அறிவுரை சொல்கிற ஆசாமி!

"படிச்சது போதும். நாளைக்கு நீ ரயிலேற வேணாம்" என்று அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டார். நஸ்ரினுக்குக் கண் கலங்கியது.

"லேபுல நான் தொடுறது நெச வைரஸ் இல்லம்மா. மேலுறை மட்டுந்தான் நெச வைரஸோடது. பெருகுற சரக்கு உள்ள கிடையாது. உடம்புச் செல்லுக்குள்ள ஒரு தடவ நுழையும், அதோட சரி."

அக்காவுக்குப் புரியவில்லை. நான் விளக்கப் புகுந்தேன்... இன்னும் குழம்பியது.

காதர் அண்ணன் நிமிர்ந்தார். "ஏம்மா, தோலு மட்டுந்தானா?"

"ஆமா, அத்தா."

தோல் என்றால் அவருக்குத் தெரியாததா? மனைவி பக்கம் திரும்பினார். "செத்த கன்னோட தோலுல வைக்கோல அடச்சு முன்னால நிப்பாட்டுனா, பசு நம்பிப் பால் குடுக்குதுல்ல? அந்தக் கன்னு வளந்து இன்னொரு கன்னு போடுமா?"

"அதெப்புடிப் போடும்?"

"இதுவும் அம்புட்டுத்தான்."

அக்கா மகளின் தனி டம்ளரை எடுத்து, அதில் மீதியிருந்த டீயைக் குடித்தார். மறுநாள் நஸ்ரின் ரயிலேறினாள்.

அந்தப் போலி வைரஸுக்குள் மின்மினிப் பூச்சியின் வெளிச்ச மரபணுவை வைத்திருக்கிறார்கள். அது செல்லுக்குள் நுழைந்தால் வெளிச்சம் வரும், மெஷின் அளந்து சொல்லும். மருந்து வழிமறித்தால் இருட்டு. மாதக்கணக்கில் எந்த மருந்தைப் போட்டாலும் வெளிச்சம்தான் — வெளிச்சத்தைப் பார்த்து அழுதவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்!

"செல்லு செத்தாலும் இருட்டுதானே? மருந்து செல்லையே கொன்னுருச்சோ என்னவோ?" என்றேன் பஸ்ஸிலிருந்து போனில், விவரம் தெரிந்தவன் மாதிரி.

"செல்லெல்லாம் உசுரோட இருக்கு மாமா. மூணு தடவ பாத்துட்டேன்!"

இனிமேல்தான் பலத்த பாதுகாப்புள்ள வேறொரு லேபில் நிஜ வைரஸோடு சோதனை. மாத்திரையாக வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகலாம். இருக்கட்டுமே! எங்கள் தெருப் பெண் ஜெயித்துவிட்டாள். பஸ்ஸிலேயே எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

இறங்கியதும் நேராக காதர் அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். தெரு முழுக்கப் பிரியாணி வாசம். மும்தாஜ் அக்கா தட்டோடு வந்து, எல்லார் முன்னாலும் கேட்டார்:

"வயிறு சரியாயிருச்சா தம்பி?"