மேஸ்திரிக்கு ஒரு மெஷின்

ஒன்றரை வருஷமாகக் கலியபெருமாளுக்குக் குரல் கிடையாது. தொண்டையில் கட்டி. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை. மூச்சு அதன் வழியாகத்தான். வாய் சாப்பிட மட்டும்.

அதற்கு முன்னால் அந்தக் குரலைக் கேட்காத ஆள் மரக்காணம் உப்பளத்தில் இல்லை. முப்பத்தொரு வருஷம் உப்பு வேலை, அதில் பதினான்கு வருஷம் மேஸ்திரி. வரப்பில் நின்று ஒரு சத்தம் போட்டால் நாற்பது ஏக்கருக்கும் கேட்கும். எதிர்காற்று அடித்தாலும் கேட்கும். கெட்ட வார்த்தையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். எந்த மோட்டாரை எப்போது நிறுத்துவது, எந்த மடையை எப்போது திறப்பது, எந்தப் பாத்தியில் இன்று உப்பு வாரலாம், எதை இன்னும் இரண்டு நாள் விடவேண்டும், எல்லாம் அந்தத் தொண்டையிலிருந்துதான் வந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு மனுஷன் அழவில்லை. எரிந்து எரிந்து விழுந்தார், அதுவும் சத்தமில்லாமல். குரல் போனவருக்குக் காதும் போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் காதருகே குனிந்து கத்தினார்கள். மனைவி கொளஞ்சியம்மாள் வேறு மாதிரி. அவர் கையை நீட்டினாலே தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிடுவாள். அவர் கேட்டது மூக்குக் கண்ணாடி. ஒரு நாளைக்கு நாலு சொம்பு இப்படிக் குடித்தார்.

தை பிறந்து பாத்தி திருத்தும் வேலை தொடங்கியதும் அளத்து மேனேஜர் சித்தார்த்தன் வீட்டுக்கு வந்தான். கலியபெருமாளுக்கு மகன் வயசு.

"பெரியவரே, உங்கள மாதிரி வேலை தெரிஞ்ச ஆள் எனக்குக் கெடைக்காது. போன வருஷம் எப்படியோ ஓட்டிட்டேன். ஆனா கூப்பிட முடியாத மேஸ்திரிய வெச்சிக்கினு நான் என்ன பண்றது? இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஏதாவது ஏற்பாடு பண்ணிக்குங்க. இல்லன்னா மணிகண்டன மேஸ்திரியா போட்டுடுவேன்."

மணிகண்டன் மோட்டார் போடுகிற பையன். நல்லவன். ஆனால் தண்ணீரின் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கச் சொன்னால் கோட்டைத் தலைகீழாகப் படிப்பான். கலியபெருமாள் இதைச் சொல்ல வாயைத் திறந்தார். காற்று கழுத்து வழியாகப் போய்விட்டது.

மகள் தமிழ்நிலா எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஆரோவில் பக்கம் ஒரு சோலார் கம்பெனியில் இன்வெர்ட்டர் சர்வீஸ். இடையஞ்சாவடியில் அறை எடுத்திருந்தாள். சனிக்கிழமை வந்தவள் விஷயத்தைக் கேட்டாள்.

"இதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்லப்பா. நீ எழுதினா பேசுற மாதிரி மெஷின் இருக்குது. எது உனக்கு ஒத்துவரும்னு பாத்துடலாம்."

கழுத்தில் அழுத்திப் பிடித்தால் பேச்சாக அதிரும் கருவி ஒன்றைத்தான் முதலில் எங்கிருந்தோ வாங்கிவந்தாள். கதிர்வீச்சு கொடுத்ததில் கழுத்துத் தோல் கட்டைபோல் இறுகிக் கிடந்தது. 'ங்ங்ங்' என்ற சத்தத்தைத் தவிர எதுவும் வரவில்லை.

உப்பு வாரும் பெண்களுக்குத் தலைவி ஆண்டாள். பார்க்க வந்தவள் வாசலிலேயே யோசனை சொன்னாள். "ஏண்ணே இவ்ளோ கஷ்டம்? ஒரு விசில் வாங்கி ஊதிட்டுப் போயேன்."

விசில் ஊத வாயில் மூச்சு வேண்டும். கலியபெருமாள் கழுத்துத் துணியை விலக்கி ஓட்டையைக் காட்டினார். ஆண்டாள் "சரி, காபி குடு அக்கா" என்று கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து டச் போன். எழுத எழுத அது சத்தமாகப் படிக்கும். கலியபெருமாள் எழுத நினைத்தது 'உப்பு வாராதே'. 'உப்' என்று ஆரம்பித்ததும் போன் முந்திக்கொண்டு 'உப்புமா' என்றது. அழித்தார். மறுபடியும் உப்புமா. அழிப்பதற்கும் ஐந்து தரம் அழுத்தவேண்டியிருந்தது. முப்பத்தொரு வருஷ உப்பில் விரல் நுனி வெடித்து, காய்ந்து, ஓடு மாதிரி ஆகியிருந்தது. போன் கண்ணாடிக்கு அது விரல் என்றே தெரியவில்லை.

"உன் விரல் அதுக்கு மரக்குச்சி மாதிரிப்பா. தோல்ல கொஞ்சம் ஈரம் இருக்கணும்" என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். எண்ணெயில் வழுக்கி யாரோ ஒருவருக்கு வீடியோ கால் போனது. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் திரையே தெரியவில்லை. அதில் தெரிந்தது அவர் முகம்தான். அதையும் அவர் ரசிக்கவில்லை.

"அப்ப சின்ன லேப்டாப். அதுல தனித்தனி பொத்தான் இருக்கு, விரல் பிரச்சனை வராது."

பொத்தான்களின்மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொடுத்தாள். 'மோ' எங்கே என்று அவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நிறுத்தவேண்டிய மோட்டார் பாத்தியை நிரப்பிவிட்டிருக்கும். வரப்பு ஒரு அடி அகலம். இடது கையில் லேப்டாப்பைத் தட்டுபோல ஏந்தி வலது கையால் எழுத்து தேடிக்கொண்டு நடந்தவர் இரண்டு முறை சேற்றில் கால் வைத்தார். எட்டாம் நாள் சார்ஜ் ஏறவில்லை. தமிழ்நிலா டார்ச் அடித்துப் பார்த்தாள். சார்ஜர் குத்துகிற ஓட்டைக்குள் பச்சை பூத்திருந்தது.

"உப்புக்காத்து" என்றாள், ஏதோ அவர்தான் ஊதிவிட்டது மாதிரி.

கலியபெருமாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: 'அளத்துல வேற என்ன காத்து அடிக்கும்?'

பிறகு டேப்லட். இதற்கு அவள் நிஜமாகவே உழைத்தாள். மூன்று ராத்திரி தூங்காமல் திரை முழுக்கப் பெரிய பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் வைத்தாள். தொட்டால் நியூஸ் வாசிக்கும் அம்மா மாதிரி ஒரு குரல் பேசும். விரலுக்குப் பதில் தொட ஒரு பேனா, அதைக் கட்டக் கயிறு, தண்ணீர் புகாத உறை, தோளில் ஒரு சின்ன ஸ்பீக்கர். மோட்டாரை நிறுத்து. மடையைத் திற. மடையை மூடு. இன்று வாராதே. கடைசிக் கட்டத்தில் 'நன்றி'.

'அளத்துல யாருக்கு நன்றி?' என்று காலண்டரில் எழுதினார்.

"இருக்கட்டும்பா. கட்டம் ஒண்ணு காலியா இருந்துது."

மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது சித்தார்த்தன் பார்க்க வந்தான். உச்சி வெயில். கலியபெருமாள் கழுத்தில் டேப்லட்டை மாட்டிக்கொண்டு நடு வரப்பில் நின்றார். மணிகண்டன் அந்தப் பக்கம் மோட்டார் கொட்டகைக்குள். ஆண்டாளும் பெண்களும் பாத்திக்குள் குனிந்து சேற்றை மிதித்துக்கொண்டிருந்தார்கள். வரிசைக் கடைசிப் பாத்தியில் தண்ணீர் போதுமான அளவுக்கு வந்தது. மோட்டாரை நிறுத்தவேண்டும். பேனாவை எடுத்தார். கையிலிருந்த உப்புத்தண்ணீர் இரண்டு சொட்டு திரையில் விழுந்தது.

"நன்றி" என்றது டேப்லட்.

துடைத்தார். துடைத்ததில் தண்ணீர் பரவியது.

"நன்றி. நன்றி. மடையைத் நன்றி. நன்றி."

பெண்கள் நிமிர்ந்தார்கள். ஆண்டாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மேஸ்திரி இவ்ளோ மரியாதையா பேசி நான் கேட்டதே இல்லடி! உள்ள யாருண்ணே அந்தம்மா? அவங்கள வேணா மேஸ்திரியா வெச்சிக்கலாம்."

தண்ணீர் வரப்பைத் தாண்டி, திருத்தி முடித்திருந்த பக்கத்துப் பாத்திக்குள் இறங்கியது. இரண்டு நாள் மிதித்த மிதி போயிற்று. கலியபெருமாள் கொட்டகைக்கே ஓடி மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வரும்போது கழுத்து ஓட்டையில் மூச்சு சீறிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் இருக்குது. நான் சொன்னது சொன்னதுதான்" என்று சித்தார்த்தன் வண்டியை எடுத்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

அன்று சாயங்காலம் தமிழ்நிலா கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் இன்னொரு மெஷின் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். மிலிட்டரியில் பயன்படுத்துவதாம். ஈரக் கையால் தொடலாமாம். வருவதற்குப் பத்து நாள் ஆகுமாம். கொளஞ்சியம்மாள் எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள். உள்ளே படுத்திருந்த கலியபெருமாளுக்கு அந்தப் பேச்சு நின்றால் போதும் என்றிருந்தது. எழுந்துபோய்க் கையை ஆட்டினால் தண்ணீர்ச் சொம்பு வரும். தலைமாட்டில் மனைவியின் பட்டன் போன் கிடந்தது. எடுத்து மகளுக்கு அடித்தார்.

கூடத்தில் மணி அடித்தது. "அம்மா, உன் நம்பர்லேர்ந்து கால் வருது. எங்கடி வெச்ச போன?" என்று தமிழ்நிலா கேட்டாள்.

"அடி செருப்பால. அம்மாவயே 'டி' போட்டுக் கூப்புடுறா பாரு. உள்ளதான் கெடக்குது."

கட் செய்து மறுபடி அடித்தார். மறுபடி கட். மூன்றாவது தரம் தமிழ்நிலா உள்ளே வந்தாள். "என்னப்பா வேணும்?"

பேச்சு நின்றுவிட்டது. கலியபெருமாள் கையிலிருந்த போனைப் பார்த்தார். கூப்பிட்டதும் ஆள் வந்து நிற்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஒருத்தரைக் கூப்பிட்டு அந்த ஆள் வந்தது அதுதான் முதல் தரம்.

காலண்டரைக் கிழித்து மளமளவென்று எழுதினார். 'மணிகண்டனுக்கு ஒரு மிஸ்டு கால், நிறுத்து. ரெண்டு போடு. ஆண்டாள் ஒண்ணு மட திற. ரெண்டு மூடு. மூணு வாராதே.'

தமிழ்நிலா படித்தாள். இரண்டு தரம் படித்தாள். "இதுக்காப்பா நான் ஒரு மாசமா நாய் மாதிரி அலைஞ்சேன்?"

அவர் தோளைக் குலுக்கினார். அவள் கோபத்தோடேயே போனைப் பிடுங்கி வேலையை முடித்தாள். இரண்டை அழுத்திப் பிடித்தால் மணிகண்டன். மூன்று, ஆண்டாள். "நாலுல மேனேஜர போட்டிருக்கேன். எதுக்காவது ஆகும்." புடைத்த பொத்தான், ஓடான விரலுக்கும் தெரியும். திரையைப் பார்க்கவே வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தபடியே அழுத்தலாம்.

வெள்ளிக்கிழமை சித்தார்த்தன் ஒரு மணிநேரம் நின்று பார்த்தான். மணிகண்டனின் சட்டைப்பையில் போன் அதிரும், மோட்டார் நிற்கும். ஆண்டாளின் இடுப்புச் சுருக்குப்பை அதிரும், "தோ வர்றேன், சும்மா கெட" என்று இடுப்பைத் திட்டிக்கொண்டே மடையைத் திறப்பாள். ஒரு சொட்டு வழியவில்லை.

"நல்லாதான் இருக்குது பெரியவரே. ஆனா ஓனர்கிட்ட நான் என்னன்னு சொல்றது? மிஸ்டு கால் குடுக்கிற மேஸ்திரின்னா? மேஸ்திரி வேல மணிகண்டன் பேர்ல இருக்கட்டும். நீங்க கூடமாட நின்னு பாத்துக்குங்க."

கலியபெருமாள் நாலை அழுத்தினார். சித்தார்த்தன் போனைப் பார்த்தான். "எதிர்லதான நிக்கிறேன்?" கால் கட் ஆனது. "இல்ல, நான் என்ன சொல்றேன்னா..." மறுபடி அடித்தது. வாயைத் திறக்கும்போதெல்லாம் அடித்தது.

"சார், மேஸ்திரி பேசுறாரு, குறுக்க பேசாதீங்க" என்றாள் ஆண்டாள்.

ஒன்பதாவது தரம் அவன் போனை அணைத்துப் பையில் போட்டான். கலியபெருமாள் இரண்டை அழுத்தினார், ஒரு தரம். மோட்டார் நின்றது. மூன்றை இரண்டு தரம். ஆண்டாள் மடையை மூடிவிட்டு வரப்பில் ஏறி நின்றாள். மற்ற பெண்களும் ஏறினார்கள். அளம் முழுக்கக் காற்றுச் சத்தம் மட்டும்.

"ஏய், யாரு நிறுத்தச் சொன்னது? போடுடா மோட்டார!" என்று சித்தார்த்தன் கத்தினான். குரல் இருபது அடிகூடப் போகவில்லை. கொட்டகையில் அசைவில்லை. மறுபடி கத்தினான். இருமல் வந்தது.

"அவனுக்குக் கேக்காது சார்" என்றாள் ஆண்டாள். "மேஸ்திரி சொன்னாதான் போடுவான்."

சித்தார்த்தன் இருமி முடித்துவிட்டு கலியபெருமாளின் வேட்டி மடிப்பிலிருந்த பட்டன் போனைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தை.

"சரி. உங்க பேரயே எழுதிடுறேன், மேஸ்திரி. சொல்லுங்க, போடட்டும்."

கலியபெருமாள் குனிந்து கண்ணாடிக் குழாயை வாய்க்கால் தண்ணீரில் விட்டார். அது ஆடி நிற்கும்வரை காத்திருந்து கோட்டைப் படித்தார். உப்பு இன்னும் ஏறவேண்டியிருந்தது, அதுவரை மோட்டார் வேண்டாம். குழாயைத் துடைத்துப் பையில் வைத்தார். போனைத் தொடவில்லை.