கேட்டு வாங்க முடியாத தூக்குப்போசி

எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களை நான் ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். கல்யாணச் சீராக வந்தவை, காதுகுத்துக்கு வந்தவை, புதுவீடு புகுந்தபோது வந்தவை என்று எல்லாவற்றின் வயிற்றிலும் பாத்திரக்கடைக்காரர் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டிக் கொடுத்திருப்பார். யார் கொடுத்தது, யாருக்கு, என்ன விசேஷம், எந்தத் தேதி எல்லாம் அதில் இருக்கும். நூலகத்திலிருந்து கல்வெட்டுப் புத்தகங்களை வாரம் ஒன்று தூக்கி வருகிறவனுக்குச் சமையலறை அலமாரியும் ஒரு கோயில் சுவர்தான்.

அந்தச் சுவரில் மிகப் பெரிய சாசனம் என் மாமியார் வெட்டுவித்தது. அது மகளுக்குக் கல்யாணத்தில் அவர் கொடுத்த மூடியும் கைப்பிடியும் போட்ட தூக்குப்போசி. தன் பெயர், கணவர் பெயர், பவானி என்று ஊர்ப்பெயர், மகள் பெயர், என் பெயர் எல்லாம் எழுதச் சொல்லியிருந்தார். போசியின் வயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் இடம் தீர்ந்து, தேதி மட்டும் அடிப்பாகத்துக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் போசியைக் கவிழ்க்க வேண்டும்.

1994இல் நாங்கள் கணபதி என்ற பகுதியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக வீடுகள். சுற்றிலும் லேத்துப் பட்டறைகள். நான் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் பாய் குடும்பம். அவருக்கு டவுன்ஹால் பக்கம் பூட்டும் தாழ்ப்பாளும் விற்கும் கடை. அவர் வீட்டம்மாவை என் மனைவியும் நானும் அக்கா என்றே கூப்பிடுவோம். எங்களைவிட அவருக்குப் பதினைந்து வயதாவது கூட இருக்கும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாத்திரங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. அதில் ஒரே ஒரு விதி. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும். எந்தப் பாத்திரம் எந்தக் கிழமை போனது, எந்தக் கிழமை திரும்பியது என்று என் டயரியில் குறித்து வைப்பேன். என் மனைவிக்கு அது பிடிக்காது.

"இதையெல்லாமா எழுதுவாங்க? எதுத்தூட்டு அக்கா பாத்தா என்னங்க நெனைப்பாங்க?"

"பின்னால வர்றவங்களுக்கு உபயோகப்படும் அம்மணி."

"பின்னால எங்கம்மாதான் வர்றாங்க. பவானியிலிருந்து, வெள்ளிக்கிழமை. போசி எங்க போச்சுன்னு அவங்களுக்குச் சொல்லுங்க."

அது புரட்டாசி மாதத்து ஒரு திங்கட்கிழமைக் காலை. வெள்ளிக்கு நான்கு நாட்களே இருந்தன. மனைவியின் முகம் அன்று சரியில்லாததற்குக் காரணம் உண்டு. மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். அடுத்து நேரே சமையலறைக்குப் போய், தான் கொடுத்த சீர்ப் பாத்திரங்களை அலமாரியில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பேரன் பேத்தி இருந்திருந்தாலும் அதற்கப்புறம்தான் கொஞ்சியிருப்பார். போன தடவை ஒரு கரண்டி காம்பு வளைந்திருந்ததற்கு, பவானி போய்ச் சேர்ந்து கடிதம் போட்டார். போசியே இல்லையென்றால் என்ன ஆகும் என்று நினைத்து மனைவிக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

போசி எங்கே இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. விநாயகர் சதுர்த்தியன்று கொழுக்கட்டை கூடுதலாகிவிட்டது. மற்ற பாத்திரங்கள் எல்லாம் அடுப்பிலும் பூஜையிலும் இருந்ததால், மனைவி போசி நிறையக் கொழுக்கட்டை போட்டு எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள். டயரியில் இருக்கிறது. ஆனால் திரும்பி வந்ததாக எழுதியிருக்கவில்லை. அக்கா எதையும் இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டார். அதனால்தான் எங்களுக்குக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. மறந்திருப்பார், கேட்டால் அவருக்கு மனசு சங்கடப்படும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

"நீங்க போய்க் கேளுங்க. ஆம்பளைங்க கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை மாலை போனேன். பாய் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "வாங்க வாங்க, உங்களத்தான் நெனச்சேன். எங்கூட்டு மோட்டாரு ஏனோ உறுமுதுங்க, சித்த என்னன்னு பாருங்க" என்றார். மோட்டாரைப் பார்த்தேன். டீ வந்தது. இரண்டாவது டீயும் வந்தது. எழுந்தபோது அக்கா ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"அம்மணிக்குப் புடிக்கும்ல, கொண்டு போய்க் குடுங்க தம்பி."

வீட்டுக்கு வந்தேன். மனைவி என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"போசி?"

"ஊறுகா குடுத்தாங்க."

"ஊறுகாய்க்கா உங்கள அனுப்புனேன்? இப்ப அந்த பாட்டிலையும் நாம நெறச்சுக் குடுக்கோணும்!"

புதன்கிழமை அந்தப் பாட்டிலில் பருப்புப் பொடி நிரப்பி, என்ன பேச வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தாள். 'எங்க மாமியார் வர்றாங்க, அந்தப் போசி வேணும்னாங்க.' அவ்வளவுதான். மாமியார் மேல் பழி போய்விடும், யாருக்கும் சங்கடமில்லை. காம்பவுண்டைக் கடக்கும்வரை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"தம்பி, உங்க போசி ஒன்னு எங்கூட்டுலயே கெடக்குதுங்க. அவசரமா வேணுங்களா?"

இதைவிட ஒரு வாய்ப்பை ஒரு மனிதன் எதிர்பார்க்க முடியாது. நான் சொன்னது இதுதான்: "அட, அதுக்கென்னங்க்கா அவசரம், இருக்கட்டுங்க!"

கையில் ஒரு பேசின் பாசிப்பருப்புப் பாயசத்தோடு திரும்பினேன்.

நடந்ததை நடந்தபடி சொல்வது என் வழக்கம். அன்றைக்கு மட்டும் அந்த வழக்கத்தை விட்டிருக்கலாம்.

"அவங்களே கேட்டாங்களா?" என்றாள் மனைவி மெதுவாக.

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்து, என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு உள்ளே போனாள். சிறிது நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது. "பாயசம் நல்லாருக்கு. ஆனா உங்களுக்கு இல்லீங்க."

வியாழக்கிழமை அவளே கிளம்பினாள். பேசினைக் கழுவி, சுண்டல் போட்டு எடுத்துக்கொண்டாள். "பொம்பளைக்குப் பொம்பளை நேரா கேட்டு வாங்கிட்டு வந்தர்றேன் பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பியபோது தலையில் ஒரு முழம் மல்லிகை, கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர், அதில் ரவா அல்வாவும் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும்.

நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அன்று அது ஒரு சாதனை.

"கேக்கறதுக்கு வாயே வரலீங்க" என்றாள் அவளாகவே. "உக்கார வச்சு, தலை பின்னிப் பூ வச்சு உட்டாங்க. அப்பறம் எப்படிப் பாத்திரத்தக் கேக்கறது?"

போசி இருக்க வேண்டிய இடத்தில் இப்போது எதிர்வீட்டு டிபன் கேரியர் உட்கார்ந்திருந்தது. மாமியார் கண்ணில் படாமல் இருக்க அந்த இடத்தில் இட்லிக் குண்டாவை வைக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னேன். "எங்கம்மா தேதியக் கவுத்துப் பாக்கறவங்க" என்று மனைவி ஒரே வரியில் அதை முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். பத்தரை மணிக்கு மாமியார் ஒரு பையோடு வந்து சேர்ந்தார். தண்ணீர் குடித்தார். சமையலறைக்குப் போனார். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். குக்கர், குத்துப்போணி, அன்னக்கூடை என்று தட்டுப்படும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"கண்ணு, போசி எங்க?"

"எதுத்தூட்டுலங்கம்மா. கொழுக்கட்டை குடுத்தது."

"எத்தன நாளாச்சு?"

மனைவி "கொஞ்ச நாளுத்தானுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் "இருவத்தோரு நாளுங்க" என்றேன். கேள்வி எத்தனை நாள் என்பதாக இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

"இருவத்தோரு நாளு!" மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பக்கத்துல இருக்கற ஊடு, பத்தடி. கேட்டு வாங்கத் தெரியல. நான் குடுத்த சாமானத்த இப்படித்தான் காப்பாத்துவியா? நாளைக்கு இந்த மாப்பிள்ளையவே யாராச்சும் வாங்கிட்டுப் போனா, இருக்கட்டுங்கன்னு சொல்லுவியாட்ட இருக்குது!"

மனைவியின் கண் கலங்கியது. "சொல்ல மாட்டேங்கம்மா, உடனே கேரியர்ல போட்டுக் குடுப்பேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கலங்கிய கண்ணோடும் அவளால் அப்படிப் பேச முடியும்.

"ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. நான் போய் வாங்கிட்டு வாரேன். ரெண்டு நிமிசம்."

படியிறங்கியவர் திரும்பி வந்தார். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? பையைத் திறந்து, எங்களுக்காகச் சுட்டுக் கொண்டுவந்திருந்த கச்சாயத்தில் பாதியை எடுத்தார். அதைப் பையிலேயே இருந்த தன் சொந்தச் சம்புடத்தில் போட்டுக்கொண்டார். அந்தச் சம்புடம் அவர் கல்யாணத்துக்கு அவருடைய அம்மா கொடுத்தது. அதைத் தவிர வேறெதையும் நம்பி அவர் பலகாரம் போட்டு நான் பார்த்ததில்லை. பிறகு நிமிர்ந்து நடந்து எதிர்வீட்டுக்குள் போனார்.

இரண்டு நிமிடம் ஆனது. இருபது நிமிடம் ஆனது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். முதலில் பேச்சுக்குரல், அப்புறம் சிரிப்பு, அதில் மாமியாரின் சிரிப்பும் இருந்தது. அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை என்பதால் அடையாளம் தெரிய நேரமானது. ஒரு மணி ஐந்து நிமிடம் கழித்து அவர் வெளியே வந்தார். வாயில் வெற்றிலை. கையில் ஒரு பெரிய பீங்கான் கிண்ணம், மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது.

"போசிங்கம்மா?" என்றாள் மனைவி.

மாமியார் கிண்ணத்தை இறக்கி வைத்தார். உட்கார்ந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அந்தப் புள்ள மேல தப்பே இல்ல. நீ எப்பவோ, உங்கூட்டுப் பிரியாணி மணம் எங்கூடு வரைக்கும் வருதுங்க்கான்னு சொன்னியாமா. அன்னிக்கே நெனச்சுட்டாங்களாம், அடுத்தாப்ல உன்ற பாத்திரம் வந்தா அதுல பிரியாணிதான்னு. கொழுக்கட்டை வந்த வாரம் ஞாயித்துக்கெழம செஞ்சாங்களாம். திடீர்னு ஒறம்பரைச் சனம் வந்து எல்லாம் தீந்துபோச்சு. அடுத்த ஞாயிறு செய்யலாம்னா, மொதநாளே புரட்டாசி பொறந்துருச்சு. நீங்க கவுச்சி தொட மாட்டீங்க. மாசம் முடியட்டும்னு எடுத்து வச்சிருக்காங்க. போசியப் பாத்தேன். வெளக்கி, துணியில சுத்தி, அலமாரி மேல வச்சிருக்காங்க. நானே அத்தன பளபளப்பா வெளக்குனதில்ல. அதப் பாத்துட்டு எந்த வாயால கேக்கறது?"

மனைவிதான் முதலில் கவனித்தாள்.

"அம்மா, உங்க சம்புடம் எங்கீங்க?"

மாமியார் வெற்றிலையை இன்னும் கொஞ்ச நேரம் மென்றார்.

"இருக்கட்டும்னு சொல்லிப்போட்டேன்" என்றார்.

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அவள் அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அலமாரியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் பஸ் ஏறும்வரை மாமியார் பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு வருகை அதுவே முதல்.

ஐப்பசி பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தபோது ஆவி வந்தது. அன்று காலையே, சம்புடத்தை வாங்கிப் போகத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு மாமியாரும் பவானியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். புரட்டாசி முழுக்கக் கட்டியிருந்த வாய் எங்கள் மூவருக்கும். மாமியார் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. தட்டை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

சாப்பிட்டு முடித்து மனைவி போசியைக் கழுவிக் கவிழ்த்தாள். தேதி மேலே தெரிந்தது. துடைத்து, அலமாரியில் அதன் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் வந்து நின்று பார்த்தாள். அவள் அப்படி மூச்சு விட்டு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

மாமியார் இந்த முறை எதிர்வீட்டுக்கென்றே தனியாகக் கச்சாயம் சுட்டு வந்திருந்தார். அதைப் போட்டுக் கொடுக்கப் பாத்திரம் தேடினார். அக்கா போசியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்திருந்த சம்புடத்தை எடுத்தார். "இது பத்தாது" என்று வைத்துவிட்டார். அலமாரியைப் பார்த்தார். கையை நீட்டித் தூக்குப்போசியை எடுத்தார்.

"அம்மா!" என்றாள் மனைவி. "அது வேண்டாங்கம்மா!"

"அட, எங்கயும் போயிறாது கண்ணு. அவங்கள மாதிரி யாரு வெளக்கறாங்க?" கச்சாயத்தை அடுக்கி மூடியைப் போட்டு அழுத்தினார். "மாப்பிள்ளைங்க, வேணும்னா எழுதி வச்சுக்குங்க."

எழுதி வைத்தேன். அப்போதுதான் காலண்டரைப் பார்த்தேன். கார்த்திகை முதல் தேதி நான் மாலை போடுவதாக இருந்தேன். போட்டால் மகரஜோதி வரைக்கும் எங்கள் வீட்டில் மறுபடி கவுச்சி கிடையாது. போசி பிரியாணியோடு திரும்பக் கார்த்திகைக்கு முன் மூன்றே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான் இருந்தன.

மாமியார் அதற்குள் காம்பவுண்டைப் பாதி கடந்திருந்தார். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாசல்வரை வந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, நீங்களும் வாங்க" என்றார்.

"இருக்கட்டுங்க்கா" என்றேன்.