கப்பலில் வந்தவர்கள் கேட்ட சண்டை

படுக்கையறையிலிருந்து கர்ரென்று எதையோ இழுக்கும் சத்தம் வந்தது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "மெதுவா வாடா ராசா, கட்டில் கால்ல இடிச்சுக்காத" என்று ஒரு கொஞ்சல்.

கொஞ்சியவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கொஞ்சப்பட்டது ஃப்ரிட்ஜ். தாலி கட்டிய மனைவியோடு போன மழைக்காலத்திலிருந்து அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு மனிதன் யாரிடமாவது அன்பாகப் பேசித்தானே ஆகவேண்டும்?

கூடத்தில் அவர் மனைவி தரையில் உட்கார்ந்து தையல் மிஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்குக் கப்பலம்மா என்று பெயர். துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தாலும் மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் நின்று, அது கிளம்பிப் புள்ளியாகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். அதனால் வந்த பெயர்.

அவளுடைய தம்பி பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தான். கப்பலில் வரும் உல்லாசப் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி அவன். கடற்கரை ஊர் ஊராக நின்று நின்று, அங்கங்கே பண்பாட்டைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிக் குளிரூட்டிய அறையில் அதைச் செரித்துக்கொள்ளும் பயணம் அது. இந்த ஊரில் அவன் வழக்கமாகக் காட்டுகிற வீட்டில் திடீரென்று ஏசி மாட்டிவிட்டார்கள். ஒரே நாளில் அந்த வீட்டின் பண்பாடு போய்விட்டது. அதனால்தான் அக்கா வீட்டுக்கு ஓடி வந்திருந்தான்.

"மிஷின் இருக்கட்டும்கா, பாக்கப் பழசா இருக்கு. மோட்டார் மட்டும் கண்ணுல படக்கூடாது. டிவி மேல பாயைப் போட்டு மூடு. பிளாஸ்டிக் நாற்காலியெல்லாம் மாடிக்கு."

"நான் இருக்கலாமாடா, இல்ல என்னையும் மாடிக்கு ஏத்திடுவியா?"

"நீதான்கா முக்கியம். சிரிச்ச முகமா இரு. மாமா பக்கத்துல உக்காந்து வலை பின்னுவாரு. ஒத்துமையான கடலோரக் குடும்பம். அதுதான் இன்னிக்கு நிகழ்ச்சி."

"உன் மாமா கடல்ல கால் நனைச்சதில்ல."

"வலை கிடைச்சிருச்சு. பள்ளிக்கூடத்து வாலிபால் வலை."

அவள் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "சொன்னது ஞாபகம் இருக்கில்ல? அவங்களைக் கப்பல்ல இறக்கிட்டு நேரா உன் வீட்டுக்குத்தான். அதே வண்டியில நானும் வந்துடுவேன். இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

தம்பி தலையை ஆட்டினான். மெக்கானிக் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டு வளர்த்த பிள்ளை அவன். அக்கா பக்கம் சாய்ந்தால் மாமா போய்விடுகிறார், மாமா பக்கம் சாய்ந்தால் அக்கா போய்விடுகிறாள்.

உள்ளே ஃப்ரிட்ஜ் சத்தம் நின்றுபோயிருந்தது. கட்டிலை நகர்த்திய மெக்கானிக் அதன் அடியில் ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டார். மூடி சரியாகப் பொருந்தாமல் பிதுங்கியிருந்தது. புடவைகளுக்கு மேலே அவளுடைய நல்ல கத்தரிக்கோல், துணி சுற்றி, நூல் கட்டி, பத்திரமாக. புடவையை மட்டும் எடுத்து வைப்பவள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்புவாள். தையல்காரி கத்தரிக்கோலையும் எடுத்து வைத்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அந்த நல்ல மனிதர் ஃப்ரிட்ஜின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அது கூடக் குளிர்ச்சியாக இல்லை. பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள்.

அப்படி என்னதான் நடந்துவிட்டது அந்தக் குடும்பத்தில்? மகள் வெளியூரில் சுகமாக இருக்கிறாள். அவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. நடந்ததெல்லாம் இவ்வளவுதான்.

கடைத்தெரு ஜவுளிக் கடைக்காக அவள் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பாள். போன வருஷம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. நீலத் துணியில் ஓரம் மடித்த திரைச்சீலைகள். கொடுத்து முடித்த பிறகுதான் அவை கப்பல் அறைகளுக்குப் போகின்றன என்று கடைக்காரர் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. தான் தைத்த திரை கடல் காற்றில் ஆடுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஆசைப்பட்டபடியே வாசல் கதவு தட்டப்பட்டது. அதே கப்பலில் குளிர் அறை பழுதாகி மெக்கானிக்குக்கு அழைப்பு வந்தது, உதவிக்கு ஓர் ஆளைக் கூட்டி வரலாம் என்ற சலுகையோடு. "டூல்ஸ் பையை நான் தூக்கிட்டு வர்றேங்க" என்று அவள் புதுப்புடவை கட்டி நின்றாள். அவரோ, "பொண்டாட்டியப் பை தூக்க வெச்சான்னு நாலு பேர் சிரிக்கவா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போனார். ஆணிக்கும் ஸ்குரூவுக்கும் வித்தியாசம் தெரியாத பெயிண்டர்.

திரும்பி வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். தெருமுனையில் நின்று கூட்டம் சேர்த்தார். கண்ணாடிப் படிக்கட்டாம், அதற்குக் கீழே மீன் நீந்துமாம். சாப்பாட்டு அறைக்குள் அருவி கொட்டுமாம். தானாகவே வாசிக்கிற தங்கப் பியானோவாம். மாடியில் துணியைக் கையில் பிடித்தபடி அத்தனையையும் கேட்டாள் அந்தப் பேதை. அன்றைக்கு மூடிய வாய்தான். அதற்குப் பிறகு "சாதம் ஆறுது" என்றாலும் தையல் மிஷினிடம்தான் சொன்னாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. தொப்பியும் கேமராவுமாக, மெக்கானிக் போய்வந்த அதே கப்பலின் பயணிகள் இறங்கினார்கள். செருப்பைக் கழற்றலாமா கூடாதா என்று தங்களுக்குள் ஒரு மாநாடு நடத்தி, பாதிப் பேர் கழற்றினார்கள். கூடத்தில் கணவனும் மனைவியும் பாயில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் வாலிபால் வலை.

"நூற்றாண்டுகளாகக் கைமாறி வரும் வலை" என்று தம்பி அவர்கள் மொழியில் எடுத்துவிட்டான். பெரிய தொப்பி போட்ட அம்மா ஒருத்தி வலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

"பேசிக்கிட்டே இருங்க. ஊமை மாதிரி உக்காந்தா நல்லா இருக்காது" என்று தம்பி புன்னகை மாறாமல் பல்லைக் கடித்தான். "எதையாவது பேசுங்க. இவங்களுக்கு ஒண்ணும் புரியாது."

மெக்கானிக் வலையைப் பார்த்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தார். "பெட்டியப் பாத்தேன்."

மழைக்காலத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவளும் சிரித்தபடியே பதில் சொன்னாள். "பாத்தா சந்தோஷம். தேடுற வேலை மிச்சம்."

"கத்தரிக்கோல் எதுக்கு?"

"தம்பி வீட்டுல சும்மா உக்காந்து சாப்பிட முடியுமா? தைக்க வேண்டாமா?"

"என்ன சொல்கிறார்கள்?" என்று பயணிகள் கேட்டார்கள். கடல் அமைதியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள் என்றான் தம்பி. கேமராக்கள் நெருங்கின.

"நான் என்ன செஞ்சேன்னு இந்தப் போக்கு? கை நீட்டினேனா, கண்ட இடத்துக்குப் போனேனா?"

"போனீங்களே, கப்பலுக்கு. மீன் நீந்துற படிக்கட்டுல ஏறி இறங்குனீங்க. நான் இங்க நைஞ்சுபோன துணியப் புழிஞ்சுக்கிட்டு நின்னேன். எனக்கு அருவி வேண்டாம், பியானோ வேண்டாம். நான் தைச்ச ஒரு திரையக் கண்ணுல காட்டியிருந்தா உங்க காலுக்குச் செருப்பா இருந்திருப்பேனே."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. தொப்பிக்கார அம்மாவுக்கு மொழி புரியவில்லை, கண்ணீர் புரிந்தது. அவள் வழிகாட்டியின் கையைப் பிடித்து, இந்த இடத்தில் மட்டும் பொய் சொல்லாமல் சொல் என்பதுபோல் பார்த்தாள். திணறிப்போன தம்பி உள்ளதில் பாதியைச் சொன்னான். உங்கள் கப்பலிலுள்ள மீன் நீந்தும் கண்ணாடிப் படிக்கட்டைப் பார்க்க அக்காவுக்கு ஆசை என்றான்.

பயணிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே பேச்சாகப் பேசினார்கள்.

தம்பியின் முகம் மாறியது. "அக்கா, அப்படி ஒரு படிக்கட்டே இல்லையாம். சாதாரண கார்ப்பெட் போட்ட படியாம். அருவியும் கிடையாதாம். பியானோ இருக்காம், ஆனா ஒரு ஆள் வந்துதான் வாசிக்கிறாராம்."

வலை மெக்கானிக்கின் மடியிலிருந்து நழுவியது.

"அப்ப என்னதான் பாத்தீங்க?" என்று கேட்டாள் அவள். சிரிப்பு இப்போது இல்லை.

"குழாய். உறைஞ்சுபோன கறிப் பெட்டி." அவர் குனிந்த தலை நிமிரவில்லை. "பின்பக்கமா உள்ள விட்டாங்க, பின்பக்கமா வெளிய அனுப்பினாங்க. வேலை முடிஞ்சதும் உன் திரையாவது பாத்துட்டு வந்து சொல்லலாம்னு ஒரு கதவத் திறந்தேன். காவக்காரன் காலரப் பிடிச்சு இழுத்துட்டான். திருடன்னு நெனச்சுட்டான். பெயிண்டர் எல்லாத்தையும் பாத்துட்டு நின்னான். அவன் தெருவுல சொல்றதுக்கு முன்னாடி நான் வேற ஏதாவது சொல்லணும்னு..."

இத்தனை மாதம் அவள் நெஞ்சில் கொதித்த படிக்கட்டும் அருவியும் ஒரு நொடியில் ஆவியாகிவிட்டன. மிஞ்சியது காலர் கசங்கிய ஒரு மனிதர்.

"பெயிண்டர ஏன் கூட்டிட்டுப் போனீங்க?" என்றாள் மெல்ல.

"அது என் புத்தி கெட்டதுதான்."

பயணிகள் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும் கேமராவைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். பதிவாகவில்லையாம். அந்த வேண்டுதலை முதலிலிருந்து இன்னொரு தடவை செய்து காட்ட முடியுமா என்று பணிவாகக் கேட்டார்.

"அக்கா, மாமா, கோவிச்சுக்காதீங்க. அதே சண்டைய இன்னொரு தடவை போடணுமாம்."

மெக்கானிக் பாவம், மச்சான் பிழைப்புக்காக வலையை மடியில் எடுத்துக்கொண்டார். "பெட்டியப் பாத்தேன்" என்று ஆரம்பித்தார்.

"பாத்தா சந்தோஷம்" என்றாள் அவள்.

"கத்தரிக்கோல் எதுக்கு?"

அடுத்து அவள் தம்பி வீட்டைச் சொல்ல வேண்டும். அவளோ அவர் சட்டைக் காலரைப் பார்த்தாள். கையை நீட்டி, மடங்கியிருந்த அதன் நுனியை நேராக்கிவிட்டாள். மெக்கானிக்கின் கண்களிலிருந்து கரகரவென்று நீர் இறங்கியது. தொப்பிக்கார அம்மாவும் மூக்கை உறிஞ்சினாள்.

கேமராக்காரருக்குத்தான் திருப்தியில்லை. முதல் தடவை இருந்த உயிர் இதில் இல்லையே என்று தம்பியிடம் குறைப்பட்டுக்கொண்டே வேனில் ஏறினார்.

எல்லாரும் ஏறிய பிறகு தம்பி மட்டும் திரும்பி வந்து வாசலில் நின்றான். "அக்கா, பெட்டிய எடுக்கவா?"

"எதுக்கு?"

"நீதானேக்கா சொன்ன..."

"சொன்னேன்டா. அப்ப இவரு அருவியப் பாத்தவரு. இப்ப இவர விட்டுட்டு வந்தா எனக்குத்தான் நஷ்டம். பெயிண்டர் கதைய வெச்சே சாகற வரைக்கும் பேசலாம்."

உள்ளே மெக்கானிக் இருமினார். தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பை மாட்டினான். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவனாக நின்றான்.

"அக்கா, அடுத்த கப்பலுக்கும் இந்த வீடுதான் வேணும்னு அந்தத் தொப்பிக்காரம்மா ஆபீசுக்குச் சொல்லப் போறாங்களாம். ஆனா சண்டை கண்டிப்பா இருக்கணுமாம். இருக்குமாக்கா?"

"இருக்கும். நீ கிளம்பு, வெயில்ல காத்துட்டு இருக்காங்க."

அவன் வேனில் ஏறுகிற வரைக்கும் அவள் வாசலில் நின்றாள். வேன் நகர்ந்ததும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.